ஓர் அளவு பெரியது

2009 மார்ச் 11, புதன்

பழைய விஞ்ஞானக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். யாராவது முன்பக்கத்தைத் திறந்தால் தவளையின் இரைப்பைதான் தெரியும். அப்பா குறட்டை விடத் தொடங்கிய பிறகுதான் டோர்ச்சை எரிக்கலாம். அதுவும் போர்வைக்குள். எழுத்து நேராக வராது.

அண்ணன் இன்று இரவு எட்டரைக்குத்தான் வந்தான். காலையில் அவன் பதுளைக்குப் போன பஸ்ஸைப் பொலிஸ்காரர்கள் வழியில் நிறுத்தி, ஆண்களை எல்லாம் இறக்கி, அடையாள அட்டை கேட்டிருக்கிறார்கள். அண்ணனிடம் அட்டை இல்லை. அவன் பிறந்தபோது எழுதிய பதிவில் பெயர் பிழையாக விழுந்துவிட்டது. அதைத் திருத்தாமல் அட்டை கிடைக்காது. பத்தொன்பது வயதாகியும் திருத்தி முடியவில்லை. மாலைவரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். அப்பா தேயிலை மலையில் வேலையை அப்படியே விட்டுவிட்டு ஓடி, தோட்டத்து ஆபீசில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய்க் கூட்டி வந்தார்.

"அடிச்சாங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"இல்ல. பேசாம ஒக்கார சொன்னாங்க. பக்கத்துல இருந்தவன மட்டும் வேற வண்டியில ஏத்திட்டாங்க."

அதற்குப் பிறகு சோறு சாப்பிட்டான். நானும் சாப்பிட்டேன். பருப்பில் உப்பு இல்லை. யாரும் சொல்லவில்லை.

அவன் டவுனுக்குப் போனது ஸஹாப்தீன் நானாவின் கடைக்கு. அங்கே ஆறு கொம்பியூட்டர் இருக்கிறது. மணிக்கு ஐம்பது ரூபா கொடுத்தால் கேம் விளையாடலாம். "அதுக்காகவாடா போன?" என்று அப்பா ஒரு தடவை கேட்டார். இரண்டாம் தடவை கேட்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

அம்மா பேசும் நாள். அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது, இப்போது பதினாறு. முதல் இரண்டு வருடம் முடிந்தபோது வரவில்லை. தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக் கூரைத் தகடு மாற்ற வேண்டியிருந்தது, அதனால் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். அது வருகிற டிசம்பரோடு முடிகிறது.

எங்கள் லயத்தில் சிக்னல் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று பேரும் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு மேலே இருக்கிற வளைவு வரைக்கும் ஏறிப் போய் நிற்போம். தேயிலை வறுக்கிற வாசம் அடிக்கும். முதலில் அப்பா பேசுவார், பிறகு அண்ணன், கடைசியில் நான். என் முறை வரும்போது அவர்கள் இரண்டு பேரும் இறங்கத் தொடங்கிவிடுவார்கள்.

அப்போதுதான் சொன்னாள்.

"கையில எண்ண கொட்டிருச்சி புள்ள. வலது கை. கட்டுப் போட்டிருக்காங்க. ரெண்டு வெரலு மடங்க மாட்டேங்குது."

"வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"இப்ப இல்ல. அப்பாகிட்ட சொல்லிறாத. குடிச்சிப்புட்டு லயம் பூரா அழுதுகிட்டுத் திரிவாரு. அண்ணன்கிட்டயும் வேணாம். டிசம்பர்ல வந்துருவேன்ல, அப்ப பாத்துக்குவோம்."

அண்ணனை பஸ்ஸிலிருந்து இறக்கியதை அம்மாவுக்குச் சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மாவின் கையை அப்பாவுக்குச் சொல்லக் கூடாது. இறங்கி வரும்போது இரண்டையும் வாய்க்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 14, சனி

யாருக்கும் சொல்லவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

அண்ணன் பதினெட்டு நாளாக வெளியே போகவில்லை. கோயிலுக்குக்கூட வரவில்லை. பாஸ்டர் ஐயா கேட்டபோது காய்ச்சல் என்று அப்பா சொன்னார். எங்களுக்கு ஒரே ஒரு காம்பராதான், அந்த ஓர் அறைதான் வீடு. அதற்குள் அவன் சுவரில் பந்தை அடித்துக்கொண்டே இருக்கிறான். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா சுவரைத் திருப்பித் தட்டி, "டேய் றுஷாந்தா, எங்க சட்டியெல்லாம் ஆடுதுடா, அப்பறம் வந்து நீயே சமச்சிக் குடு" என்று கத்தினார்.

மத்தியானம் அவனும் அப்பாவும் சத்தம் போட்டார்கள்.

"எத்தன நாளைக்கு என்னய கட்டிப் போடப் போறீங்க? நாளைக்கு நான் டவுனுக்குப் போவேன்."

"போயிருவியா நீ?"

"ஒரு லெப்டொப் இருந்தா நான் ஏன் டவுனுக்குப் போறேன்? வீட்டுல இருந்தே வெளையாடுவேன்ல."

அவன் அதைக் கோபத்தில்தான் சொன்னான். அப்பா வெளியே போனார். வாசலில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டிய பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"அந்தச் சாமான் எவ்வளவு புள்ள வரும்?"

ஏப்ரல் 3, வெள்ளி

அம்மாவிடம் நான்தான் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. உயர்தரப் படிப்புக்கு லெப்டொப் தேவை என்று சொல்ல வேண்டும். அண்ணன் கேம் விளையாட என்றால் அம்மா தர மாட்டாளாம். பஸ் சோதனையைப் பற்றிச் சொன்னால் அங்கே பயந்துபோவாளாம். வளைவில் இரண்டு பேரும் எனக்கு இரு பக்கமும் நின்றார்கள். இன்றைக்கு இறங்கிப் போகவில்லை.

சொன்னேன். குரல் நடுங்கவில்லை. எனக்கே வியப்பாக இருந்தது.

அம்மா ஏதோ முணுமுணுத்து எண்ணினாள். பிறகு, "எண்பதாயிரம் சேத்து வச்சிருக்கேன். அதுக்குள்ள நல்லதா ஒண்ணு பாத்து பேரு எழுதி வையி. இங்க வெல கொறவாம், வாங்கி யாருகிட்டயாவது குடுத்து விடுறேன்" என்றாள்.

வைக்கும்முன், "இப்ப எம்புட்டு வளந்துருக்க? சப்பாத்து பத்துதா?" என்று கேட்டாள்.

அம்மா அனுப்புகிற சப்பாத்து எப்போதும் ஓர் அளவு பெரியது. சட்டையும் அப்படித்தான். வளர்கிற பிள்ளை என்பாள். நான் சப்பாத்தின் முன்பக்கத்தில் பேப்பரைச் சுருட்டி அடைத்துப் போட்டுக்கொள்வேன். கால் வளர வளரப் பேப்பரைக் குறைப்பேன். பேப்பர் முழுவதும் தீரும்போது அடுத்த சப்பாத்து வரும்.

பத்துகிறது என்றேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அண்ணன் போக முடியாது என்பதால் நானும் அப்பாவும் ஸஹாப்தீன் நானாவின் கடைக்குப் போனோம். அப்பா கடைக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். நானா சிரித்துக்கொண்டே, "போட்டுக்கிட்டே வாங்க அண்ணே, இது பள்ளிவாசலா?" என்றார்.

ஏன் மேசைக் கொம்பியூட்டர் வாங்கவில்லை, பாதி விலைதானே என்று கேட்டார். எங்கள் காம்பராவில் மேசை வைக்க இடமில்லை. பின்னேரம் ஆறு மணிக்கு லயம் முழுக்க லைட் போட்டால் கரண்ட் மெழுகுதிரி மாதிரி ஆகிவிடும். பெட்டரி உள்ளதுதான் வேண்டும் என்று சொன்னேன். கேம் ஓட வேண்டும் என்பதையும் சொன்னேன்.

"எவ்வளவு ஈக்கி கையில?"

"எண்பதாயிரங்க" என்றார் அப்பா.

நானா தலையைச் சொறிந்தார். "அண்ணே, எண்பதுக்குள்ள வாங்குற லெப்டொப்புல டைப் அடிக்கலாம், பாட்டு கேக்கலாம், படம் பாக்கலாம். கேம் போட்டா நிண்டு நிண்டு போகும், மூட்டு வலிக்காரன் படி ஏறுற மாதிரி. கேமுக்கு தனியா வீஜீஏ கார்ட் ஈக்கணும். அதுதான் காசு."

ஒரு விலைத் தாள் தந்தார். பத்தொன்பது லெப்டொப். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன். கடைசியில் மூன்று மிஞ்சின.

72,000. வீஜீஏ கார்ட் இல்லை. பாரம் குறைவு. பெட்டரி மூன்று மணி நேரம்.

1,08,000. சின்ன வீஜீஏ. பழைய கேம் ஓடும், புதியது ஓடாது.

1,62,000. பதினேழு அங்குலத் திரை. எல்லாம் ஓடும்.

அம்மாவுக்குச் சம்பளம் பதினெட்டாயிரம். அதில் பதினைந்தாயிரம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. மாதம் மூவாயிரம்தான் அவள் ஒதுக்குவது. தாளின் ஓரத்தில் ஒவ்வொரு விலையையும் மூவாயிரத்தால் வகுத்தேன். முதலாவது இருபத்துநான்கு மாதம். இரண்டாவது முப்பத்தாறு. மூன்றாவது ஐம்பத்துநான்கு.

ஐம்பத்துநான்கு மாதம் என்றால் நாலரை வருடம். அம்மா போயே அவ்வளவு காலம் ஆகவில்லை.

அப்பா கேட்டார், "என்னா புள்ள கணக்கு?"

"சும்மா" என்றேன். பிறகு அழிறப்பரால் அழித்துவிட்டேன்.

ஏப்ரல் 22, புதன்

அண்ணனுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. தாளை மூன்று நாளாக மடியில் வைத்துக்கொண்டு, விலையையும் படத்தையும் மட்டும் பார்க்கிறான். வீஜீஏ என்ற சொல் மட்டும் அவனுக்குத் தெரியும்.

"இந்த எழுவத்திரண்டுல வீஜீஏ இருக்காடி?"

"இருக்கு."

"நெசமா?"

"இருக்குண்ணே. இந்தா, இந்த வரியில போட்டிருக்கு."

நான் விரல் வைத்த வரியில் இருந்தது பெட்டரியின் அளவு. அவன் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்ததை இன்றுதான் பார்த்தேன்.

சாமான் வந்து கேம் போடும் அன்றைக்குத் தெரிந்துவிடும். அதற்குள் அம்மா வரும் நாள் கிட்ட வந்துவிடும். அவன் அடித்தால் அடிக்கட்டும்.

ஏப்ரல் 24, வெள்ளி

பெயரையும் நம்பரையும் ஒவ்வோர் எழுத்தாக அம்மாவுக்குச் சொன்னேன். அம்மாவால் எழுத முடியாது, அந்தக் கையால். அந்த வீட்டு மேடத்தின் மகளைக் கூப்பிட்டு எழுத வைத்தாள். அந்தப் பெண் யூனிவர்சிட்டியில் படிக்கிறதாம், இரவு பகலாகக் கேம் விளையாடுமாம். எழுதிக்கொண்டே அது ஏதோ சொல்லிச் சிரிப்பது போனில் கேட்டது.

மே 4, திங்கள்

சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்தது. ஆறு ஏ. பதுளையில் உயர்தரத்துக்கு இடம் கிடைக்கும் என்று டீச்சர் சொன்னார். அப்பா என் தலையில் கை வைத்துவிட்டு, கை அழுக்கு என்று எடுத்துக்கொண்டார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நாளைக்கு வரும் என்று நினைக்கிறேன்.

மே 8, வெள்ளி

அம்மாவிடம் சொன்னேன். அம்மா போனிலேயே அழுதாள். "ஆறு ஏவா, ஆறு ஏவா" என்று நாலைந்து தடவை கேட்டாள். பெலன்ஸ் முடிந்துவிட்டது.

மே 19, செவ்வாய்

வடக்கில் சண்டை முடிந்துவிட்டதாம். டவுன் பக்கம் காலையிலிருந்து பட்டாசு. மேலே ரோட்டில் கொடி கட்டிய வேன்கள் போகின்றன. அப்பா வேலைக்குப் போகவில்லை. கதவை உள்பக்கம் கொண்டி போட்டு, அதன் முன்னால் மாச் சாக்கை இழுத்து வைத்தார். அண்ணன் படுத்துக்கொண்டு கூரைத் தகட்டைப் பார்த்தபடி இருந்தான். அம்மா அனுப்பிய காசில் மாற்றிய தகடு. ஒரு துளி ஒழுகுவதில்லை.

ஜூன் 12, வெள்ளி

மூன்று வெள்ளிக்கிழமையாக அம்மா பேசவில்லை. வளைவில் ஏழரைவரை நின்றோம். அட்டை கடித்து என் காலில் இரத்தம். லெட்சுமி அக்கா சொன்ன பிறகுதான் பார்த்தேன்.

ஜூன் 26, வெள்ளி

பேசினாள். வாங்கிவிட்டாளாம்.

அண்ணன் காதைப் போனோடு ஒட்டிக்கொண்டு நின்றான். அதனால் நான் எதுவும் கேட்க முடியவில்லை. அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீ சொல்லித் தந்தது சின்னது புள்ள. மேடத்தோட மக பாத்துட்டு, இது ஒண்ணுக்கும் ஒதவாதுன்னு சொல்லிச்சி. நீ எப்பவும் கொறச்சித்தான் கேப்ப, எனக்குத் தெரியாதா? அதான் ஒரு அளவு கூட எடுத்தேன். பதினேழு அங்குலம். எல்லாம் ஓடுமாம்."

"காசு ஏதும்மா?"

"மேடம் அட்வான்ஸ் குடுத்துச்சி. இன்னொரு ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டு வருசம் என்னா, ஓடிரும். நீ படி."

சரிம்மா என்றேன்.

சரிம்மா என்றுதான் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 27, சனி

நான்தான். நான்தான் அம்மாவ அங்க நிறுத்தி வச்சிட்டேன் — வாயத் தொறந்து கை எரிஞ்ச கதையச் சொல்லியிருந்தா அப்பா கேக்கவே விட்டிருக்க மாட்டாரு. படிப்புக்குன்னு ஏன் சொன்னேன்? அவங்க சொல்லச் சொன்னா சொல்லிறணுமா? சின்னதச் சொன்னா அம்மா வந்துருவான்னு நெனச்சேன். சின்னதச் சொன்னதுனாலதான் பெருசா எடுத்தா. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். என் சப்பாத்த நானே பாத்திருக்கணும்.

ஜூன் 28, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். முழங்காலில் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 19, ஞாயிறு

மேல் லயத்து இராக்கம்மா அக்கா குவைத்திலிருந்து வந்துவிட்டார். அம்மா வேலை செய்யும் வீட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு வேலை. லெப்டொப்பை அவரிடம்தான் கொடுத்துவிட்டிருக்கிறாள்.

"ஒங்கம்மாவ நான் பாக்கல புள்ள, டிரைவர் கொண்டாந்து குடுத்தான். அடேயப்பா, என்னா பாரம்! பிளேன்ல மடியில வச்சிக்கிட்டே வந்தேன், புள்ளத்தாச்சி மாதிரி" என்றார்.

கறுப்பு நிறம். எங்கள் அம்மிக்கல்லை விடக் கொஞ்சம்தான் மெல்லிசு. மூடியைத் திறந்தால் எழுத்துகளுக்கு அடியில் சிவப்பு வெளிச்சம். எழுத்துகளில் பாதி அரபு. லயத்தில் பாதிப் பேர் வாசலில் கூடிவிட்டார்கள். பக்கவாட்டில் சூடாகக் காற்று வந்தது. "இது கொம்பியூட்டரா அடுப்பாடா? ஒரு ரொட்டிய ஒட்டிப் பாரு" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அதன் வயரைச் செருகிய கொஞ்ச நேரத்தில் லயம் முழுவதும் லைட் போய்விட்டது. கடைசி வீட்டிலிருந்து கெட்ட வார்த்தை கேட்டது.

அண்ணன் இருட்டில் என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினான். "நீ சொன்ன மாதிரியே வீஜீஏ இருக்குடி! நெசமாவே இருக்கு!"

ஜூலை 31, வெள்ளி

இரவு முழுவதும் விளையாடுகிறான். சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறான். சிவப்பு வெளிச்சம் சுவரில் ஆடுகிறது. டோர்ச் இல்லாமலே எழுதலாம் போல இருக்கிறது. அப்பா அவனைப் பார்த்தபடி படுத்திருப்பார். நேற்று என்னிடம், "இப்பத்தான் புள்ள எனக்குத் தூக்கம் வருது" என்றார். உண்மைதான். குறட்டை சீக்கிரம் தொடங்கிவிடுகிறது.

பதுளையில் வகுப்புத் தொடங்கிவிட்டது. லெப்டொப்பில் என்ன படிக்கிறாய் என்று அம்மா கேட்கிறாள். பௌதிகவியல் என்கிறேன்.

ஆகஸ்ட் 8, சனி

அண்ணன் கூப்பிட்டான். "நிலு, இங்க வா." மெதுவாகக் கூப்பிட்டான். அவன் அப்படிக் கூப்பிடுவதில்லை.

லெப்டொப்பின் மேல்பக்கத்தில் சின்னக் கெமரா ஒன்று இருக்கிறது. வாங்கிய அன்றைக்கு மேடத்தின் மகள் அது வேலை செய்கிறதா என்று எடுத்துப் பார்த்திருக்கிறது போல. ஒரே ஒரு படம் உள்ளே இருந்தது. முன்னால் அந்தப் பெண்ணின் பாதி முகம், சிரிக்கிறது. பின்னால் ஒரு கதவு. கதவில் அம்மா. தன்னைப் படம் எடுப்பது அம்மாவுக்குத் தெரியாது. இடது கையில் தட்டு. வலது கையை நெஞ்சோடு மடித்து வைத்திருக்கிறாள். முழங்கைவரை வெள்ளைத் துணி. மெலிந்திருந்தாள்.

பதினேழு அங்குலத் திரை என்பதால் எல்லாம் தெரிந்தது. விரல்கள் வெளியே தெரிந்தன. அவை சரியான நிறத்தில் இல்லை.

"என்னாது இது?" என்றான். நான் அந்த விரல்களையே பார்த்தேன்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"மார்ச்."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எண்ணெயை. டிசம்பரை. கையெழுத்தை. எழுபத்திரண்டாயிரத்தில் வீஜீஏ இல்லை என்பதையும், நான் விரல் வைத்துக் காட்டியது பெட்டரி என்பதையும். அடிப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவன் லெப்டொப்பை மூடியிருந்தான். சுவரில் சிவப்பு இல்லை. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

அண்ணன் அப்பாவுக்குப் படத்தைக் காட்டினான். அம்மா சொன்னது சரிதான். அப்பா லயம் பூராவும் அழுதார்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

அண்ணன் விடியற்காலையில் அப்பாவோடு பெரட்டுக்குப் போனான். செத்தாலும் தோட்டத்தில் பேர் பதிய மாட்டேன் என்று பத்தாம் வகுப்பில் சொன்னவன். வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில் கங்காணி இராமையா, "வாங்க லெப்டொப் தொரை, ஒங்களுக்கு எந்த மலை வசதி?" என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்களாம். அண்ணனும் கூடச் சிரித்தான் என்று அப்பா சொன்னார்.

பின்னேரம் உள்ளங்கை இரண்டும் கொப்பளம். மஞ்சள் வைத்துவிட்டேன். என் கையை இழுத்து ஒரு தடவை பார்த்தான். ஏன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 21, வெள்ளி

அண்ணன்தான் முதலில் போனை வாங்கினான். "கையப் பாத்துட்டோம்மா. வந்துரு."

போன் அறுந்துவிட்டது என்று நினைத்தோம். பிறகு அம்மா சொன்னாள். அட்வான்ஸ் எண்பத்திரண்டாயிரத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். டிக்கெட்டும் நம் காசில். வேறு ஆள் கிடைக்கும்வரை நிற்கவும் வேண்டும்.

"அத வித்துருவோம்" என்றான் அண்ணன்.

"டேய், அது புள்ள படிக்கிறதுக்குடா" என்றாள் அம்மா.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

மூன்று பேரும் போனோம். அண்ணன் ஐந்து மாதத்துக்குப் பிறகு பஸ் ஏறினான். லெப்டொப்பை மாச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தான். அப்பா அவன் கையைப் பிடித்திருந்தார். பஸ்ஸை ஓர் இடத்திலும் யாரும் மறிக்கவில்லை.

ஸஹாப்தீன் நானா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாமான் தங்கம். ஆனா அரபு எழுத்து ஈக்கி தம்பி, யாரு வாங்குற? நூறு தாரன்."

"நானா, நான் ஒங்க கடையில எவ்வளவு காசு கொட்டியிருப்பேன்?"

"அத ஏன் இப்ப சொல்றீங்க" என்றார் நானா. பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல், "நூத்திப் பத்து. அதுக்கு மேல கேட்டா நான் கடைய மூடணும்" என்றார்.

கொடுக்கும்முன் உள்ளே இருப்பதை அழிக்க வேண்டுமா என்று கேட்டார். நானே அழிக்கிறேன் என்றான் அண்ணன். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று செய்தான். பிறகு சட்டை நுனியால் திரையைத் துடைத்தான். ஒரு தூசும் இல்லை, இருந்தும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அட்வான்சுக்கும் டிக்கெட்டுக்கும் போக மூவாயிரம் மிஞ்சும். நான் வகுத்துப் பார்க்கவில்லை.

அக்டோபர் 14, புதன்

அம்மாவின் இடத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

நவம்பர் 23, திங்கள்

அண்ணனின் அடையாள அட்டை வந்தது. பெயர் சரியாக இருக்கிறது. இனி டவுனுக்குப் போகலாம். அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மலைக்குப் போனான்.

டிசம்பர் 25, வெள்ளி

வரவில்லை. லெட்சுமி அக்கா கேக் கொண்டுவந்து தந்தார். நான்கு துண்டு. நான்காவது துண்டு இன்னும் தட்டில் இருக்கிறது.

2010 ஜனவரி 17, ஞாயிறு

முந்தாநாள் இரவு வந்தாள். அப்பாவும் அண்ணனும் கட்டுநாயக்க எயார்போட்டுக்குப் போய்க் கூட்டி வந்தார்கள். நான் கதவைத் திறந்தேன். அம்மா என்னை விடச் சின்னதாக இருந்தாள். முதலில் என் தலையைத்தான் பார்த்தாள், உயரம் பார்ப்பது மாதிரி, மேலே.

அந்த இரண்டு விரல்களும் மடங்கவே மாட்டா. கொழுந்து கிள்ள முடியாது. சோற்றை இடது கையால்தான் சாப்பிடுகிறாள். முதல் நாள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள். இன்றைக்கு எங்களோடு உட்கார்ந்தாள்.

சாப்பிடும்போது அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அம்மா, அந்த லெப்டொப் நிலுவுக்கு இல்ல. நான்தான் கேம் வெளையாடக் கேட்டேன்."

"தெரியும்டா" என்றாள் அம்மா.

மூன்று பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம்.

"கேம் வெளையாடப் போன ஒன்னய பஸ்ஸுல இருந்து எறக்குனது எனக்கு அப்பவே தெரியும். ஒங்கப்பா மறுநாளே இராக்கம்மா வேல செஞ்ச வீட்டுக்கு போன் போட்டு, அவகிட்ட அழுது தீத்துட்டாரு. வெளியில சொல்லாத சொல்லாதன்னு சொல்லிச் சொல்லி அழுதாராம்." அப்பா தண்ணீர்ச் செம்பைத் தேடினார். "இவ சொல்லித் தந்தத பாத்துட்டு மேடத்தோட மக, இதுல கேம் ஓடாதுன்னு சொல்லிச்சி. ஓடாட்டி இவன் வீட்டுல இருப்பானா? அதான் பெருசா எடுத்தேன்."

"படிப்புக்குன்னு நான் சொன்னேனே" என்றேன்.

"நீ சொன்ன. நானும் படின்னு சொன்னேன். ஒங்கண்ணன் பக்கத்துல நின்னான்ல." சோற்றைப் பிசைந்தாள். "இருந்தானா? வெளிய போகாம இருந்தானா?"

"இருந்தான்" என்றார் அப்பா.

"அப்பச் சரி."

அழுகை வரும் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். வரவில்லை. பசித்தது. இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன்.

பிறகு அம்மா பெட்டியைத் திறந்து எனக்கென்று வாங்கிய சப்பாத்தை எடுத்தாள். வெள்ளை. என்னைக் கட்டிலில் உட்கார வைத்து, கீழே உட்கார்ந்து அவளே மாட்டிவிட்டாள். கயிறு கட்ட முடியவில்லை. அண்ணன் குனிந்து கட்டினான். அம்மா எப்போதும் செய்வது போல முன்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்தி, எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்தாள். இடது பெருவிரல். ஒரு தடவை அழுத்தினாள். நகர்த்தி மறுபடியும் அழுத்தினாள்.

"ரெண்டு அளவு கூடத்தானே எடுத்தேன்" என்றாள்.

இடம் இல்லை. பேப்பர் வைக்கத் தேவையில்லை. நாளைக்கு அதைப் போட்டுக்கொண்டு பதுளைக்குப் போவேன்.